கீழாநெல்லியும் அதன் உடன்பிறப்புக்களும்

நெல்லிக்கனி என்று கேட்ட அளவில் தகடூரை நினையாத தமிழ் மாணாக்கர் இலர். அதியமான் நெடுமான் அஞ்சி தான் அரிதிற் பெற்ற நெல்லிக்கனியைத் தானே உண்ணாது ஔவையார்க்கு ஈந்த செய்தியைப் புறநானூற்றின் 91-ஆம் செய்யுளிற் பயின்று யாமும் பெருமிதம் எய்தியுள்ளோம். அத் தகடூரே இற்றைத் தருமபுரி. அம் மாவட்டத்திற் பிறந்தார்க்கு அப் பெருமிதம் இன்னுஞ் சற்று மிகுதியாய் இருத்தல் இயல்பே. ஆயினும் அந் நெல்லியின் நெருங்கிய சுற்றமாகிய சிறு பூண்டொன்று, மழை பெய்து ஓய்ந்தபின் வரப்பிலும் வாய்க்காற்கரையிலும் வீட்டுப் புழைக்கடையிலும் தானே முளைத்து நம் காலடியிற் கிடத்தலை நினைப்பார் மிகச் சிலரே. அதுவே கீழாநெல்லி. அதனை யாவரும் அறிவர் என்று எண்ணுகின்றோம். யாமும் அங்ஙனமே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழையென்று யாம் கற்ற வரலாற்றையும், அப் பூண்டினை அதன் உடன்பிறப்புக்களினின்றும் பிரித்தறியும் முறையையும் இக் கட்டுரையிற் கூற முயல்வோம்.

சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில், விடுமுறைக்காகப் பென்னாகரத்தை அடுத்த எம் சிற்றூருக்குச் சென்றிருந்தோம். அண்டை வீட்டுச் சிறுவன் ஒருவனுக்குப் பதினொரு வயது. கண்களும் நகங்களும் மஞ்சள் நிறமாய், உணவை வெறுத்துத் திண்ணையிற் சோர்ந்து கிடந்தான். அவன் தந்தையார் அவனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று காட்டி வந்தார். அவனுடைய பாட்டியாரோ, மருத்துவர் சொன்னவற்றையெல்லாம் ஒன்றும் விடாது செய்துகொண்டே, தம் வழக்கப்படி கீழாநெல்லியை அரைத்து மோரிற் கலந்து கொடுக்கவும் விரும்பினார். அவர்க்கு முழங்கால் வலி. ஆதலின் எம்மை நோக்கி, “தம்பி, ஏரிக்கரைப் பக்கம் போய் ஒரு கைப்பிடி பறித்துவா,” என்றார்.

யாம் அரைமணிப் பொழுதில் ஒரு கைப்பிடிக்குப் பதிலாக ஒரு கூடையே கொணர்ந்தோம். பாட்டியார் அதனை முறத்திற் கொட்டி, ஒவ்வொரு செடியாய் எடுத்து, கிளையைத் திருப்பி அடிப்புறத்தைப் பார்த்து, சிலவற்றை வலப்புறமும் சிலவற்றை இடப்புறமுமாக வைக்கலானார். முடிவில் இடப்புறக் குவியல் கூடையின் மூன்றிலொரு பங்கிற்குக் குறையாதிருந்தது. “இது மேலாநெல்லி, இது சிவப்பு, இது என்னவோ, நான் கொடுப்பதில்லை. படிக்கிற பிள்ளை திருப்பிப் பார்க்காமலா பறிப்பது?” என்று அவர் நகைத்துக்கொண்டே கூறினார். நெல்லியைப் பற்றிய செய்யுளை ஒப்புவிக்கவும் உரைகூறவும் வல்ல எமக்கு நெல்லியின் சுற்றத்தை இனங்காணத் தெரியவில்லை. எழுத்தறியாத அம் முதியவரோ ஒரு பார்வையில் அதனைச் செய்தார். அந் நாணமே எம்மைத் தாவர நூல் பயிலும் நண்பர் ஒருவரிடம் உருப்பெருக்காடி இரவல் வாங்கும்படி செய்தது.

இனி அப் பூண்டின் பெயரிலிருந்தே தொடங்குவோம். பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் இலக்கணம் வகுக்கின்றது. கீழாநெல்லி என்பது காரணப்பெயர். கிளையின் கீழ்ப்புறத்தே காய் காய்க்கும் நெல்லியாதலின் அது கீழ்க்காய்நெல்லி எனவும் வழங்கப்பட்டது. இப் பெயரில் இரண்டு உண்மைகள் அடங்கியுள்ளன. ஒன்று, இச்சிறு பூண்டு நெல்லிமரத்தின் உறவு என்பது. மற்றொன்று, அதனை அறியும் அடையாளம் காய் நிற்கும் இடமே என்பது. முழங்கால் உயரமும் வளராத ஒரு பூண்டினையும், மாடிவீட்டளவு உயரும் ஒரு மரத்தினையும் ஒரே பெயராற் பிணைத்த நம் முன்னோரின் நுண்காட்சி வியக்கத்தக்கது. சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் வெளியிட்ட தாவரப் பெயர்நூலில் நெல்லியைப் பில்லாந்தஸ் எம்பிளிக்கா என்று பெயரிட்டுக் கீழாநெல்லி வகைகளின் பேரினத்திலேயே வைத்தார். நம் ஊர்மக்கள் அம் முடிபிற்குத் தம் கண்ணொன்றே துணையாக வந்திருந்தனர். 2022-இல் அறிஞர் சிலர் இப் பெரும் பேரினத்தைப் பலவாகப் பிரித்து நெல்லிக்குத் தனியிடம் தரவேண்டுமென்று கூறியுள்ளனர். அங்ஙனம் பிரிப்பினும், இரண்டும் நெல்லிக் குடும்பத்தினவே என்பதில் ஐயமில்லை.

அவ்வுறவைக் காண விரும்புவோர் இரண்டின் காயையும் பிளந்து பார்த்தல் வேண்டும். கீழாநெல்லிக் காய் கடுகினும் சிறிதே பெரியது, உள்ளே மூன்று அறைகள், அறைக்கு இரண்டு வித்துக்கள், ஆக ஆறு. நெல்லிக்காயின் சதையை நீக்கிக் கொட்டையைப் பிளப்பின் அங்கும் அறைகள் மூன்று, வித்துக்கள் ஆறு. ஒன்று உலர்ந்து வெடிக்கும். மற்றொன்று சதைப்பற்றோடு கனியும். வேற்றுமை உடையில், ஒற்றுமை எலும்பில்.

நிற்க. இப் பூண்டினை முதன்முறை பார்ப்போர் ஒரு மயக்கத்திற்கு ஆளாவர். தண்டிலிருந்து புளியிலை போன்றதொரு கூட்டிலை புறப்படுவதாகத் தோன்றும். அது கூட்டிலை அன்று, சிறு கிளை. அதன் இருமருங்கும் நிற்பவை சிற்றிலைகள் அல்ல, முழு இலைகளே. இதற்குச் சான்று யாது? புளியின் சிற்றிலை எதன் அடியிலும் பூ அரும்புவதில்லை. கூட்டிலை எத்துணைப் பெரிதாயினும் அதன் சிற்றிலைக் கக்கத்திற் பூ வாராது. கீழாநெல்லியிலோ ஒவ்வோர் இலைக்கக்கத்திலும் பூவுண்டு. பூவுள்ள கக்கம் இலையின் கக்கமே. இலையைத் தாங்குவது கிளையே. பில்லாந்தஸ் என்னும் கிரேக்கச் சொற்கு இலைமலர் என்பது பொருள். இலையே பூத்தது போலத் தோன்றும் இம் மயக்கத்தையே அப் பெயரும் குறிக்கின்றது.

மற்றொரு குறிப்பும் இங்கு வேண்டப்படுவதாகும். இப் பூக்களுக்கு அல்லியிதழ் இல்லை. வெளிர்பச்சையும் வெண்மையுமாய் விண்மீன் போல விரிவன புல்லியிதழ்களே. அவற்றை எண்ணுதலே நம் பாடத்தின் உயிர்நாடி. ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே, ஆனால் ஒரே செடியில் இருக்கும். அவற்றுள் எது கிளையின் எப்பகுதியில் நிற்கின்றது என்பது இரண்டாவது அடையாளம். காயின் தோலும் வித்தின் வரியும் மூன்றாவது அடையாளம். இம் மூன்றனையுங் கொண்டு எம் கூடையில் இருந்தவற்றை வகைப்படுத்துவோம்.

முதலாவது, மேலாநெல்லி. இதனைப் பிரித்தற்குக் கண்ணாடியும் வேண்டுவதில்லை. மற்றை உடன்பிறப்புக்களில் நடுத்தண்டின்மேல் உண்மையிலைகள் இரா. நுண்ணிய செதில்களே இருக்கும். இலைகளெல்லாம் பக்கக் கிளைகளில் இரு வரிசையாய் அமையும். மேலாநெல்லியிலோ நடுத்தண்டிலும் கிளையிலும் இலைகள் சுற்றிலும் மாறிமாறி நிற்கும். ஆதலின் அதன் கிளை கூட்டிலைபோல் தோன்றாது. இலை அடியில் ஒடுங்கி நுனியில் அகன்று ஆப்பு வடிவினதாய் இருக்கும். நிமிர்ந்த கிளையில் இலைக்கு மேலே அதன் கக்கத்தில் காய் வெளிப்படையாய்த் தெரிதலின் மேலாநெல்லி எனப்பட்டது போலும். நிழலும் ஈரமும் உள்ள இடத்தினும், திறந்த மேட்டு நிலத்திலே இது நன்கு வளரும். லின்னேயஸ் இதற்கு மதராஸ்படென்சிஸ் என்று பெயரிட்டார். சென்னைக்குரியது என்பது அதன் பொருள்.

இரண்டாவது, சிவப்புக் கீழாநெல்லி, நூற்பெயர் யூரினேரியா. தண்டு பெரும்பாலும் செந்நிறம் ஏறியிருக்கும். ஆயினும் நிறத்தை மட்டும் நம்புதல் தவறு. வெயிலிற் காய்ந்த பிற இனங்களும் சிவக்கும். இதன் காயை விரலால் தடவிப் பார்த்தல் வேண்டும். மற்றவற்றின் காய் வழுவழுப்பாய் இருக்க, இதன் காய் சிறு பருக்களோடு சொரசொரப்பாய் இருக்கும். காம்பு இல்லையென்னும்படி கிளையோடு ஒட்டியிருக்கும். பெண்பூக்கள் கிளையின் அடிப்பகுதியிலும் ஆண்பூக்கள் நுனிப்பகுதியிலும் நிற்பதால் காய்களும் அடிப்பகுதியிலேயே திரளும். வித்தினைக் கண்ணாடியில் நோக்கின் வரிகள் குறுக்காக ஓடும். குறுக்குவரி கண்டால் ஐயமின்றி இதுவே.

மூன்றாவது, பாட்டியார் “என்னவோ” என்று ஒதுக்கியது. இதுவே எம்மை மிகவும் அலைக்கழித்தது. கிளை, செதில், வழுவழுப்பான காய் யாவும் கீழாநெல்லியை ஒத்திருந்தன. இலை மட்டும் சற்றே ஒடுங்கி இரு முனையும் குவிந்திருந்தது. கண்ணாடியில் புல்லியிதழ்களை எண்ணினோம், ஆறு. மீண்டும் வேறொரு பூவில் எண்ணினோம், ஆறே. கிளையின் அடிக்கக்கங்களில் ஆண்பூக்கள் கொத்தாகவும், நுனியை நோக்கிய கக்கங்களிற் பெண்பூ ஒவ்வொன்றாகவும் இருந்தன; ஆதலின் காய்கள் நுனிப்பாதியிலேயே தொங்கின. இது டெபிலிஸ் என்னும் இனம்; மெலிந்தது என்பது சொற்பொருள்.

நான்காவது, வலப்புறக் குவியலில் இருந்த உண்மைக் கீழாநெல்லி; நூற்பெயர் அமாரஸ்; கைப்புடையது என்பது பொருள். மென்றால் அப் பெயரின் நேர்மை விளங்கும். இலை நீள்வட்டமாய், நுனி மழுங்கியிருக்கும். புல்லியிதழ்கள் ஐந்து. கிளையின் அடியில் ஒன்றிரண்டு கக்கங்களில் ஆண்பூ மட்டும் இருக்கும். அதற்குமேல் ஒவ்வொரு கக்கத்திலும் ஆண்பூ ஒன்றும் பெண்பூ ஒன்றும் இணையாய் நிற்கும். ஆதலின் காய்கள் அடியிலோ நுனியிலோ திரளாது, கிளை முழுதும் வரிசையாய்க் கீழே தொங்கும். வித்து ஆரஞ்சுச் சுளையைச் சிறிதாக்கினாற் போன்றது. முதுகில் ஐந்து அல்லது ஆறு வரிகள் நீளவாக்கில் ஓடும். பாட்டியார் கிளையைத் திருப்பியபொழுது ஐந்தினையும் ஆறினையும் எண்ணினாரல்லர். காய்வரிசை கிளை முழுதும் நிரம்பியுள்ளதா என்பதையே பார்த்திருத்தல் வேண்டும். நூலார் கண்ணாடியாற் கண்டதை அவர் பழக்கத்தாற் கண்டார்.

எம் கூடையில் இல்லாத மற்றோர் உடன்பிறப்பும் உண்டு. அதனை நூலார் பிரேட்டர்னஸ் என்பர். உடன்பிறந்தது என்பதே அச் சொல்லின் பொருள். அதற்கும் புல்லி ஆறு. ஆண்பூ அடியில், பெண்பூ நுனியில். இந்தியாவின் வடக்கிலும் மேற்கிலும் இது மிகுதியாய் வளர்கின்றது. பெயரிட்டவரே உடன்பிறப்பென்று ஒப்புக்கொள்ளும் அளவிற்கு இவை நெருங்கியவை.

இத்துணை நெருக்கம் பெரும் புலவர்களையும் மயக்கியது. லின்னேயஸ் நிரூரி என்று பெயரிட்ட இனம் உண்மையில் அமெரிக்க நாடுகளுக்குரியது. ஆனால் ஹூக்கர் 1887-இல் வெளியிட்ட பிரிட்டிஷ் இந்தியத் தாவர நூற்பகுதியிலும், கேம்பிள் 1915-இல் தொடங்கிப் பிறரால் 1936-இல் நிறைவுற்ற சென்னை மாகாணத் தாவர நூலிலும், நம் நாட்டுக் கீழாநெல்லிக்கு நிரூரி என்னும் பெயரே வழங்கப்பட்டது. அமெரிக்க அறிஞர் வெப்ஸ்டர் 1955-ஆம் ஆண்டு முதலாக இப் பேரினத்தை ஆராய்ந்து பிரேட்டர்னஸ் என்பதைத் தனியினமாக்கினார். அமாரஸ் என்னும் பழம்பெயரின் எல்லையையும் வரையறுத்தார். 1985-இல் மித்ரா, ஜெயின் என்னும் இந்திய அறிஞர் இருவர், நம் தாவர நூல்களில் நிரூரி எனப்பட்டது ஓரினமன்று. அமாரஸ், பிரேட்டர்னஸ், டெபிலிஸ் என்னும் மூன்றின் கலப்பே என்று காட்டினர். இலக்கண மாணாக்கர் மொழியிற் கூறுமிடத்து, நூறாண்டாக நிரூரி என்பது பலபொருள் ஒருசொல்லாய் நின்றது.

இவ்விடத்து ஒரு செய்தி எம் நெஞ்சைத் தொட்டது. டெபிலிஸ் என்னும் இனத்தை, 1805-இல் பெர்லின் நகரத்து வில்டெனோ தம் நூலில் வெளியிட்டபோது, அப் பெயரைத் தந்தவராகக் கிளைன் என்பவரைக் குறித்தார். அவர் தரங்கம்பாடியிற் பிறந்து, அங்கிருந்த மிஷனின் மருத்துவராய்ப் பணிபுரிந்து 1821-இல் மறைந்தவர். அவருடைய காலத்தவரும் அதே மிஷனைச் சேர்ந்தவருமாகிய ராட்லர் 1776-இல் தரங்கம்பாடிக்கு வந்து, தமிழகத்துச் செடிகளைத் தொகுத்ததோடு தமிழ் ஆங்கில அகராதி ஒன்றனையும் இயற்றினார். செடியைத் தொகுத்த கையே சொல்லையும் தொகுத்தது. அண்மைக் காலத்தில் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் 1967-இல் ராபினட் உலர்தாவரகத்தை நிறுவி, தமிழ்நாட்டுக் கருநாடகப் பகுதியின் தாவரங்களைப் பல தொகுதிகளாக வெளியிட்ட மாத்யூ அடிகளாரும் அவ்வழி வந்தவரே. தமிழ் பயில்வார்க்குச் செடி அயலன்று என்பதற்கு இவர்கள் சான்று.

“ஐந்தா ஆறா என்று பூவிதழை எண்ணுதல் வீண்வேலையன்றோ?” என்று நண்பர் ஒருவர் எம்மை வினவினார். அதற்கு விடையாகச் சென்னையில் நிகழ்ந்ததொன்றைக் கூறுவோம். கல்லீரலைத் தாக்கும் ‘பி’ வகை நச்சுயிரியைக் கண்டறிந்ததன் பொருட்டு 1976-இல் நோபல் பரிசு பெற்றவர் புளும்பர்க். அவரும் உடனுழைத்தோரும் 1987-இல் இப் பூண்டின் சாறு அந் நச்சுயிரியின்மேற் செய்யும் வேலையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதிற் பூண்டின் பெயர் நிரூரி. மறு ஆண்டில், சென்னையில் தியாகராசன் முதலியோர் அவரோடு சேர்ந்து நோயாளரிடம் நடத்திய ஆய்வு வெளிவந்தது. அதிற் பெயர் அமாரஸ். மருந்துண்ட 37 பேருள் 22 பேரின் குருதியில் நச்சுயிரியின் அடையாளம் மறைந்தது. மருந்தில்லாத போலித்தூள் உண்டவர் 23 பேருள் ஒருவர்க்கே மறைந்தது. உலகம் வியந்தது. ஆனால் பிற நாடுகளில் அவ்வாய்வைத் திரும்பச் செய்தபோது அத்தகைய பயன் கிட்டவில்லை. 2011-இல் அதுகாறும் வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் ஒருங்கு நோக்கிய காக்ரேன் மதிப்பீடும், நாட்பட்ட அந் நோய்க்கு இப் பூண்டு பயன்படுமென்பதற்கு உறுதியான சான்றில்லை என்றே முடித்தது.

ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறியதற்குக் காரணங்கள் பல கூறப்பட்டன. இனம், விளைந்த மண், பறித்த பருவம் ஆகியன வேறுபட்டமை அவற்றுள் அடங்கும். பில்லாந்தின் என்னும் பொருள் அமாரஸில் மிகுதியாய் உள்ளது. அதன் அளவு இனந்தோறும் வேறுபடுகின்றது. ஆதலின் எவ்வினம் என்று துணியாமற் செய்யும் ஆய்வு, யாரென்று அறியாமல் ஒருவர்மேற் கூறும் சான்று போலாகும். 2010-இல் தென்னிந்திய நாட்டுமருந்துக் கடைகளிலிருந்து கீழாநெல்லி மாதிரிகளை வாங்கி ஆராய்ந்தோர், நூற்றுக்கு 76 மாதிரிகளிலேயே அமாரஸ் முதன்மையாய் இருந்ததைக் கண்டனர். எஞ்சியவற்றில் டெபிலிஸ், பிரேட்டர்னஸ், யூரினேரியா, மதராஸ்படென்சிஸ் முதலிய பிற இனங்கள் இருந்தன. யாம் ஏரிக்கரையிற் செய்த பிழையைக் கடைகளுக்குச் சரக்கு சேர்ப்போரும் செய்கின்றனர் என்பது இதனால் விளங்கும்.

காய் மேலா கீழா என்று பார்க்கும் இம் முறை நமக்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்க மலைச்சாரல்களில் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த, பாறையிடுக்கில் வளரும் காட்டுச் செடிகள் பல உள்ளன. அவற்றைப் போச்செரா என்னும் பேரினத்தில் அடக்குவர். அவற்றுள்ளும் ஓரினத்தின் காய்கள் தண்டையொட்டி மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். மற்றோரினத்தின் காய்கள் கீழ்நோக்கி மடிந்து தொங்கும். அங்கும் ஹோல்போலியை என்னும் ஒரு பெயர் நெடுநாள் பல இனங்களுக்குப் பொதுவாய் வழங்கி, பின்னர் அப் பெயர்க்குரிய செடி கிரீன்லாந்தில் மட்டுமே உள்ளதென்று துணியப்பட்டது. நம் நிரூரியின் கதையே அதுவும். பனி மலையிலும் பென்னாகரத்து ஏரிக்கரையிலும் கற்பவர்க்குக் கூறப்படும் அறிவுரை ஒன்றே: காயைப் பார், எண்ணு, பிறகு பெயர் சொல்.

இனி எமக்கே எழுந்த ஓர் ஐயத்தையும் மறையாது கூறுவோம். அமாரஸ் என்னும் இனமும் அமெரிக்க வெப்ப நாடுகளினின்றும் உலகெங்கும் பரவியதே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அங்ஙனமாயின், பழைய மருத்துவச் செய்யுட்களிற் கீழாநெல்லி எனப்பட்டது இன்று யாம் வலப்புறம் குவித்த செடிதானா, அன்றி இடப்புறம் ஒதுக்கிய மெலிந்த டெபிலிஸ்தானா? சொல் நிலைத்திருக்க, அது சுட்டும் பொருள் மெல்ல மாறியிருத்தல் கூடுமன்றோ? சொற்பொருள் மாற்றத்தை ஏட்டில் மட்டும் தேடும் நாம், அதனை ஏரிக்கரையிலும் தேடவேண்டும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. புறத்தே வயிரமுடையதைப் புல் என்றும், அகத்தே வயிரமுடையதை மரம் என்றும் வகுத்த மரபியலை உடைய தொல்காப்பியத்தின் வழிவந்தோர்க்கு இவ்வாராய்ச்சி புறம்பானதாகாது.

இதனைத் தாமே செய்து பார்க்க விரும்பும் மாணாக்கர்க்குச் சில குறிப்புக்கள். மழை தொடங்கி மூன்று நான்கு வாரம் கழித்து, பூவும் காயும் ஒருங்கு உள்ள காலத்திற் செல்க. கிளையை மட்டும் கிள்ளாது, வேரோடு முழுச் செடியையும் எடுக்க; கிளையின் அடியும் நுனியும் இரண்டும் இல்லாவிடின் ஆண்பூ எங்கே, பெண்பூ எங்கே என்பது விளங்காது. பத்து மடங்கு பெருக்கும் சிறு கண்ணாடி போதும். பூவிதழை ஒரு பூவிற் பார்த்து அமையாது, ஐந்து பூவிலேனும் எண்ணுக. முதிர்ந்த காய்களைத் தாளில் மடித்து வைப்பின் அவை தாமே வெடித்து வித்தினைத் தரும். செய்தித்தாளிடையே செடியை அழுத்தி உலர்த்தி, பறித்த நாளும் ஊரும் நிலத்தின் இயல்பும் எழுதி வைக்க. அவ்வூரார் அதற்கு வழங்கும் பெயரையும், அப் பெயருக்கு அவர் கூறும் காரணத்தையும் உடன் எழுதுக. தாவர நூல் மாணாக்கர் மறக்கக்கூடிய அவ்வரியைத் தமிழ் மாணாக்கர் எழுதலாம்.

முடிவாக, அச் சிறுவனைப் பற்றி வாசகர் கேட்பர். அவன் தேறினான். அவனுக்கு வந்தது அசுத்த நீராற் பரவும் கல்லீரல் அழற்சி என்று மருத்துவர் குருதியாய்வினாற் கண்டு, ஓய்வும் கொதித்தாறிய நீரும் வேண்டுமென்றார். வீட்டிற் கொடுப்பது எதுவாயினும் தமக்கு மறைக்கலாகாது என்றும் கூறினார். அவ் வகை நோய் பெரும்பாலும் சில வாரங்களில் தானே நீங்குவது. ஆதலின் கீழாநெல்லியால் தேறினான் என்று யாம் எழுதத் துணியோம். மஞ்சள் நிறம் ஒரு நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவான அடையாளம். பித்தக் குழாய் அடைப்பினாலும், நச்சுப்பொருளாலும், நாட்பட்ட நச்சுயிரியாலும் அது வரலாம். அவற்றை ஒன்றையொன்று பிரித்தறியாது ஒரே பெயரிட்டு ஒரே மருந்து கொடுப்போர், ஐந்திதழையும் ஆறிதழையும் ஒன்றென்று பறித்த எம்மைப் போன்றவரே. ஆனால் எம் பிழையால் இழந்தது முறத்தில் ஒரு குவியல். அவர் பிழையால் இழப்பது ஓர் உயிராதலும் கூடும்.

விடுமுறை முடிந்து புறப்படும் நாளிற் பாட்டியாரிடம் கண்ணாடியைக் கொடுத்து, அவர் “என்னவோ” என்ற செடியின் பூவைக் காட்டினோம். அவர் நெடுநேரம் நோக்கி, விரல்விட்டு எண்ணி, “ஆறு இருக்கிறதே, தம்பி,” என்றார். பிறகு வலப்புறக் குவியலிலிருந்து ஒரு பூவை எடுத்து அதனையும் எண்ணி, “இதற்கு ஐந்து. அதனால்தான் நான் கொடுப்பதில்லை போலிருக்கிறது,” என்றார். தாம் அறிந்திருந்ததன் காரணத்தை அவர் அன்று அறிந்தார். காரணத்தை மட்டும் படித்திருந்த யாம், அறிதல் எத்தகையது என்பதை அன்று அறிந்தோம். மாணாக்கர் தோழர்களே, அடுத்த மழைக்கு உங்கள் ஊர் வரப்பிற் குனிந்து, ஒரு சிறு கிளையைத் திருப்பிப் பாருங்கள்.